பேய்க்கதையும் தம்மமும்
கதையாட்டம் அமைக்கும் இளைஞர்க்கு ஒரு பாடம்



பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களில் வாழும் நம் இளைஞர் சிலர் அண்மையில் ஒரு வினாவை நம்முன் வைத்தனர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டம் ஒன்றை அவர்கள் உருவாக்கி வருகின்றனர். ஜப்பானிய நிலப்பிரபுக்கள் காலத்துப் பேய்க்கதைகளே அதற்கு அடிப்படை. "பௌத்தராகிய நாம் பேய்களை வைத்து ஆடலாமா? ஆடலாமெனில் அவ்வுலகை எவ்வாறு அமைப்பது?" என்பது அவர்தம் கேள்வி.

விடை கூறுமுன் அவர்கள் ஆடியதை நாம் ஒருநாள் மாலை உடனிருந்து கண்டோம். கதையில் ஒரு பெண்பேய் பாலத்தடியில் நின்றது. ஆடுவோர் நால்வரும் வாளுருவி அதனை வெட்டினர், பகடையும் அவர்க்குச் சாதகமாகவே விழுந்தது, எல்லோரும் கைதட்டினர். திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த முதிய உபாசிகை ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. "மக்களே, அவளை வெட்டிப் போட்டியளே, அவ யாரு பெத்த பிள்ளைன்னு ஒரு வாக்குக் கேட்டியளா?" என்றார். இளைஞர் விடையின்றி ஒருவரையொருவர் நோக்கினர்.

அந்த அம்மையாரின் கேள்வியே இப்பாடத்தின் பொருள். இனி முறையே ஆராய்வோம்.

1. கதையாட்டம் யாது?

இவ்வகை ஆட்டத்தை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரால் வெளியிட்டனர். 1979-இல் ஜப்பானிய வீரர் காலத்தைக் களமாகக் கொண்ட 'புஷிடோ' வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் உரைப்பர். பலன் ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டி முடிவு காண்பர். அரங்கமும் இல்லை, வேடமும் இல்லை, சொல்லே அனைத்தும்.

வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது முற்றும் புதிதன்று. வில்லும் குடமும் உடுக்கையும் கொண்டு தலைமைப் பாடகர் கதை நடத்த, உடன்பாடுவோர் இடையிடையே வினவியும் ஆமோதித்தும் கதையை முன்னே செலுத்துவர். அங்கே முடிவு முன்னரே அறிந்ததாயிருக்கும். கதையாட்டத்திலோ முடிவு ஆடுவோர் கையிலிருக்கிறது. ஆதலின் ஆடுவோர் எதைச் செய்யத் தூண்டப்படுகின்றனர் என்பது மிக முக்கியமாகிறது. வெட்டினால் வெற்றி என்று விதி வகுத்தால் வெட்டுவர். கேட்டால் வெற்றி என்று வகுத்தால் கேட்பர்.

2. நூறு விளக்குகள்

ஜப்பானில் எடோ காலத்தில், அஃதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், 'ஹியகு மோனோகாதாரி கைதான்கை' என்றொரு பொழுதுபோக்கு வழங்கிற்று. நூறு கதைக் கூட்டம் என்பது அதன் பொருள். இரவில் நண்பர் கூடி, நீலத்தாள் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றுவர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை கூறி ஒரு திரியை அணைப்பர். நூறாவது திரி அணைந்து முழு இருள் சூழ்ந்ததும் உண்மையாகவே பேய் தோன்றும் என்பது நம்பிக்கை. ஆகவே தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொண்டவர் பலர். வீரர்தம் துணிவைச் சோதிக்க எழுந்த வழக்கம் இது என்பர்.

இக்கூட்டத்தின் முறையை விளக்கும் நூல்களுள் ஒன்று 1666-இல் வெளிவந்த 'ஒதோகிபோகோ'. அதனை இயற்றிய அசாய் ரியோயி பௌத்தத் துறவி, தூய நிலப் பிரிவைச் சேர்ந்தவர். அறநூல் கற்ற துறவி பேய்க்கதை தொகுத்தது ஏன்? அந்நாட்டுப் பேய்க்கதைகளின் உள்ளே பெரும்பாலும் ஒரு தம்மப் பாடம் மறைந்திருப்பதே காரணம்.

3. பேயைக் கட்டியிருப்பது எது?

ஒக்கிக்கு என்னும் பணிப்பெண்ணின் கதை ஜப்பானில் சிறுவரும் அறிந்தது. பிரபுவின் வீட்டில் விலைமதிப்புள்ள பத்துத் தட்டுகளுள் ஒன்று காணாமற்போயிற்று. பழி அவள்மேல் விழுந்தது. கொன்று கிணற்றில் எறிந்தனர். இரவுதோறும் கிணற்றிலிருந்து அவள் குரல் எழும். ஒன்று, இரண்டு என எண்ணி ஒன்பது வந்ததும் அலறும். ஒரு கதைவழக்கில், கிணற்றருகே காத்திருந்த ஒருவர், ஒன்பது என்றவுடன் "பத்து!" என்று உரக்கக் கூறினார். எண்ணிக்கை நிறைந்தது, அன்றோடு அவள் அமைதியுற்றாள். வாளால் முடியாததை ஒரு சொல் முடித்தது. குறை எதுவென்று அறிந்தவரே அச்சொல்லைச் சொல்ல முடிந்தது.

சேஅமி இயற்றிய 'அட்சுமோரி' என்னும் நோ நாடகம் இன்னும் ஆழமானது. 1184-இல் இச்சினோதானிப் போரில் குமகாய் என்ற வீரர் தம் மகன் வயதுடைய அட்சுமோரியைக் கொன்றார். அச்செயலால் நெஞ்சுடைந்து துறவியானார். நாடகத்தில் அவர் அப்போர்க்களத்திற்கே திரும்பி வருகிறார். கொல்லப்பட்டவனின் ஆவி தோன்றுகிறது. தன் கதையைத் தானே கூறுகிறது. பழிவாங்க ஓங்கிய வாளைத் தாழ்த்தி, இவர் இனிப் பகைவர் அல்லர் என்று உணர்ந்து, தனக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டு மறைகிறது. கொன்றவரே கேட்பவராகி அமர்ந்தமையால் பகை தீர்ந்தது.

பகையால் கட்டுண்ட ஆவியை அவர்கள் 'ஒன்ரியோ' என்பர். தீராப் பசியால் கட்டுண்டதைக் 'காகி' என்பர். பாலியில் 'பேத' எனவும் வடமொழியில் 'பிரேத' எனவும் வழங்குவது அதுவே. ஆண்டுதோறும் நிகழும் 'ஓபோன்' விழாவும் இதனையொட்டியது. மொக்கல்லானர் தம் தாய் பசிப்பேயாய் வாடுவதைக் கண்டு உணவளித்தார். அவ்வுணவு வாயருகே நெருப்பாயிற்று. பின்னர்ப் பகவர் அறிவுரைப்படி சங்கத்தாருக்குத் தானமளித்து அவளை விடுவித்தார் என்பது சீனத்தின் வழியே அந்நாட்டுக்குச் சென்ற கதை.

4. நம் நூல்கள் கூறுவது

ஜப்பானுக்குச் சென்ற இக்கருத்துக்களின் வேர் நம் நாட்டிலேயே உள்ளது. குத்தக நிகாயத்தைச் சேர்ந்த பேதவத்துவில் 51 கதைகள் உள்ளன. அவற்றுள் திரோகுட்ட சுத்தம் நம் நெஞ்சைத் தொடுவது. இறந்த உறவினர் சுவர்களுக்கு வெளியிலும், தெருமுனைகளிலும், வாயில் நிலைகளின் அருகிலும் நிற்கின்றனர். உள்ளே விருந்து நடக்கிறது. அவர்களை நினைப்பார் எவருமில்லை. பிம்பிசார மன்னர் சங்கத்தாருக்கு உணவும் உடையும் உறையுளும் ஈந்து அப்பயனை அவர்க்கு உரித்தாக்கிய பின்னரே அவர்கள் துயர் நீங்கிற்று என உரை கூறும்.

சுவருக்கு வெளியே நிற்பது என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் உயிரோடிருந்தபோதே அங்குதான் நிறுத்தப்பட்டனர்.

தம்மபதத்தின் ஐந்தாம் பாட்டுக்கு உரைகாரர் கூறும் காளி யட்சிணியின் கதையை நோக்குக. ஒரே கணவனை மணந்த இரு மனைவியரின் பகை பல பிறவிகளில் தொடர்கிறது; ஒருத்தியின் பிள்ளைகளை மற்றவள் அழிக்கிறாள். இறுதியில் ஒருத்தி யட்சிணியாகவும் மற்றவள் சாவத்தி நகரப் பெண்ணாகவும் பிறக்கின்றனர். யட்சிணிக்கு அஞ்சிய தாய் குழந்தையுடன் ஜேதவனத்திற்கு ஓடுகிறாள். பகவர் யட்சிணியை விரட்டவில்லை. அவளையும் உள்ளே அழைத்து அறமுரைத்து, பின் தாயை நோக்கிக் குழந்தையை அவள் கையில் கொடுக்கச் சொல்கிறார். குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திருப்பித் தந்த யட்சிணி கதறி அழுகிறாள். பின்னாளில் அவள் மழைவரவையும் வறட்சியையும் முன்னறிந்து சொல்லி உழவர்க்கு உதவியவளாக வாழ்ந்தாள்.

மணிமேகலையிலும் சான்று உண்டு. சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் ஒரு பேய்மகளின் கூத்தைக் கண்டு அஞ்சி இறந்தான். அவன் தாய் கோதமை பேயைப் பழித்தாள். சம்பாபதித் தெய்வமோ, உயிரைக் கவர்ந்தது பேயன்று, அவனுடைய அறியாமையும் வினையுமே என்று மறுத்துரைத்தது. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டு வாடிய காயசண்டிகையை மணிமேகலை மந்திரத்தால் ஓட்டவில்லை, அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறளித்தாள், நோய் தீர்ந்தது.

5. நம் சாலையும் அதன் பேய்களும்

இனி நம் ஊருக்கு வருவோம். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குச் செல்லும் பழைய அரசபாதை குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே செல்வது. இன்றும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலம் நெய்யாற்றின்கரையில் தங்கிச் செல்கிறது. இரு தலைநகர்க்கும் இடைப்பட்ட வழியின் காட்டிலே ஒரு யட்சி வாழ்ந்தாள் என்றும், அழகிய பெண்ணாய் வந்து வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு அவர்களைக் கொன்றாள் என்றும் கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதீகமாலை' கூறுகிறது. சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்ற 1891-ஆம் ஆண்டு நாவலிலும் பஞ்சவன்காட்டு யட்சி இடம்பெறுகிறாள்.

ஐதீகமாலைக் கதையில் கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதி அவள் தலையில் இரும்பாணி அறைந்து, பணிப்பெண்ணாக்கி உடன் அழைத்துச் செல்கிறார். ஒரு வீட்டில் மூதாட்டி அவளுக்குத் தலைவாரும்போது ஆணியைக் கண்டு பிடுங்கிவிடுகிறார். உடனே அவள் பழைய யட்சியாகிறாள். ஆணி அவளை அடக்கிற்று, தீர்க்கவில்லை. காளி யட்சிணியின் கதையோடு இதனை ஒப்பிட்டால் இரு வழிகளின் வேறுபாடு நன்கு விளங்கும்.

வில்லுப்பாட்டில் வழங்கும் நீலி கதையும் அத்தகையதே. கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியிலும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வருகிறாள். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி அவனுக்குப் பிணையாகி, அவன் மாண்டபின் வாக்குத் தவறாது தீப்பாய்ந்து மடிகின்றனர். எழுபது பேர் கூடிய அவையில் அவளுக்கு முன்பு நேர்ந்த கொடுமையை ஒருவரும் வினவி அறியவில்லை. இளைஞர் இக்காட்சியை ஆட்டமாக அமைத்து, அவையினராக அமர்ந்து பார்க்கட்டும். அவர்களாவது வினவுவார்களா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இச்சாலையின் யட்சிக் கதைகளில் வழிப்போக்கர் பெரும்பாலும் சாலையில் நடக்கும் உரிமை பெற்றவர். அவ்வுரிமை இல்லாதார் எங்கே? திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அரசாணை வரும்வரை மனிதர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அதன் பின்னரும் பொதுச்சாலை எல்லார்க்கும் திறக்கவில்லை. இதே நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏறிச் சாலையிற் சென்று அவ்வுரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. வழியோரம் பெயரின்றி மாண்ட நம்மவர் எத்துணையோ பேர். அவர்களுக்கு யட்சிக் கதைகளிற்கூட இடமில்லை.

ஆயினும் சாலையோரத்தில் ஒரு சான்று உண்டு. அதுவே சுமைதாங்கிக் கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது தென்னாட்டு வழக்கம். வயிற்றுச் சுமையோடு மாண்டவளின் பெயரால், வழிநடப்போர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற ஒரு கல். ஜப்பானிலும் மகப்பேற்றில் இறந்தவள் 'உபுமே' என்னும் ஆவியாய்த் தெருமுனையில் நின்று, "குழந்தையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று வழிப்போக்கரை வேண்டுவாள் என்பர். வாங்கியவர் கையில் குழந்தை பாறையாய்க் கனக்கும். அவர் அதனைக் கீழே போடாது தாங்குவாராயின் அவள் அமைதியுறுவாள் எனச் சில கதைகள் கூறும். அந்நாட்டில் ஒரு மனிதர் தாங்குகிறார். நம் நாட்டில் ஒரு கல் எல்லார்க்கும் தாங்குகிறது. இறந்தவளின் துயர் உயிரோடிருப்போர்க்கு உதவியாக மாறிற்று. இதைவிடச் சிறந்த விதியை எந்த ஆட்டக்காரரும் வகுத்துவிட முடியாது.

6. உலகை அமைக்கும் முறை

மேற்கூறியவற்றைக் கொண்டு இளைஞர்க்கு நாம் கூறும் முறை பின்வருமாறு.

காலமும் இடமும்: ஜப்பானியப் பெயர்களை இரவல் வாங்க வேண்டா. மார்த்தாண்டவர்மர் ஆண்ட 1729 முதல் 1758 வரையிலான காலத்தைக் கொள்க. அங்கே ஷோகுனும் பிரபுக்களும் இருந்தவாறே இங்கே மன்னரும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் இருந்தனர். ஓடி ஒளிந்த மார்த்தாண்டவர்மரைக் காத்ததாகக் கூறப்படும் பலாமரமாகிய அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் இருந்தது. நெய்யாறும் பனங்காடும் அரசபாதையும் போதிய களமாகும்.

பாத்திரங்கள்: வாள்வீரர் வேண்டா. உப்புச் சுமப்பவர், பனையேறி, மருத்துவச்சி, துணி வெளுப்பவர், வில்லுப்பாட்டுப் பாடகர் ஆகியோர் போதும். ஊர்ப் பெரியவர் கேளாதவற்றைக் கேட்டவர்கள் இவர்களே.

பேயின் ஓலை: ஒவ்வொரு பேய்க்கும் கதை நடத்துவோர் நான்கு வரி எழுதிவைக்க வேண்டும். அதன் துன்பம் யாது? அத்துன்பத்தின் காரணம் யாது? எது நிகழ்ந்தால் அது ஓயும்? அதற்கு உயிரோடிருப்போர் செய்யவேண்டுவது யாது? நான்கு வாய்மைகளே இந்நான்கு வினாக்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விளக்கு: ஜப்பானியர் நூறு விளக்கில் தொடங்கி இருளில் முடித்தனர். நாம் இருளில் தொடங்குவோம். பத்து அகல்விளக்குகளை ஏற்றாமல் வைக்க. ஒரு குறையை முழுவதும் கேட்டறிந்தால் ஒரு விளக்கு ஏற்றுக. பேயை வெட்டினாலோ ஆணியறைந்தாலோ எரியும் விளக்கு ஒன்றை அணைக்க. மறுநாள் இரவு அப்பேய் திரும்பி வரும்.

சோழி: பகடைக்கு மாற்றாக ஆறு சோழிகளை உருட்டுக. மூன்றோ மேற்பட்டோ வாய் மேலாக விழுந்தால் எண்ணியது கைகூடும்.

குன்றிமணி: பாத்திரம் பேராசையாலோ பகையாலோ மயக்கத்தாலோ ஒன்றைச் செய்யும்போது ஒரு குன்றிமணியைப் பெறும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சோழி குறையும். தானம் செய்தால் ஒரு மணி நீங்கும். ஆறு மணி சேர்ந்தவருக்கு உருட்டச் சோழியே இராது. அவர் பாத்திரம் பேதமாகிவிடும். அப்போது ஏனையோர் அவர் குறையைக் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: உப்புச்சுமையுடன் நடந்த அடிமைப்பெண் ஒருத்தி, நிறைசூலியாய் வழியில் விழுந்தாள், அருகே கிணறிருந்தும் அவள் தொடலாகாது என்று தண்ணீர் மறுக்கப்பட்டு மாண்டாள். இருட்டில் நின்று, குழந்தையைப் பிடிக்குமாறு வருவோரை வேண்டுகிறாள். துன்பம், தாகமும் சுமையும். காரணம், விலக்கப்பட்ட கிணறு. ஓய்வு, ஒருவர் அச்சுமையைத் தாங்கி அவள் பெயரைக் கேட்டு உரக்கச் சொல்லுதல். வழி, அவ்விடத்தில் சுமைதாங்கி நாட்டி, எல்லாரும் அருந்தத் தண்ணீர்ப் பந்தல் வைத்தல். கிணற்றுக்குரியவர் அதனைத் தடுப்பார், அடியாட்களும் வருவர். உண்மையான அச்சம் அங்கேதான் தொடங்கும். அடியாட்கள் முன்னே நின்று தண்ணீர்ப் பானையைத் தூக்கி வைக்க, பேயைக் காண்பதற்கு வேண்டியதைவிட மிகுந்த துணிவு வேண்டும்.

7. இரண்டு ஐயங்கள்

"பேய் உண்டென்று நாமே கற்பிப்பதாகாதா?" என்பது முதல் ஐயம். ஆகாது, ஆனால் எச்சரிக்கை வேண்டும். இது கதையென ஆட்டத்தின் முன்னும் பின்னும் கூறுக. நம் ஊர்களில் மனம் நலிந்த பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று கூறி, வேப்பங்குழையாலும் பிரம்பாலும் அடிக்கும் கொடுமை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அப்பெண்ணுக்கு வேண்டியவை மருத்துவமும், அவள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் ஒருவருமே. கேட்கும் பழக்கத்தை ஆட்டத்தில் பெற்ற இளைஞர், வீட்டில் அத்தகையவளைக் கண்டால் பிரம்பைத் தேடார் என்பது நம் நம்பிக்கை.

"1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள், சிராத்தம் செய்யேன், பிண்டம் இடேன் என்பதும் ஒன்றன்றோ? இறந்தோர்க்குப் பயன் உரித்தாக்கும் கதை அதற்கு முரணாகாதா?" என்பது இரண்டாவது. முரணில்லை. பிம்பிசாரர் ஈந்தது சோற்றுருண்டையன்று. உயிரோடிருப்போர்க்கு உணவும் உடையும் உறையுளும். நம் ஆட்டத்திலும் எந்தப் பேயும் பிண்டத்தால் விடுபடக் கூடாது. கிணறு திறக்க வேண்டும். கூலி கொடுபட வேண்டும். மறைக்கப்பட்ட பெயர் அவையில் ஒலிக்க வேண்டும். இறந்தோர்க்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இஃதொன்றே.

முடிவுரை

இம்முறையில் திருத்திய ஆட்டத்தை இளைஞர் மீண்டும் ஆடினர். அந்த உபாசிகையும் வந்து அமர்ந்தார். பாலத்தடியில் நின்றவளிடம் இம்முறை ஓர் இளைஞர், "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று வினவினார். கதை நடத்தியவர் அவளுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை, திகைத்து நின்றார். திண்ணையிலிருந்த அம்மையார் தம் பாட்டியின் பெயரைச் சொன்னார். முதல் விளக்கு ஏற்றப்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. ஒக்கிக்குவின் கதையில் "பத்து" என்ற சொல் ஏன் பயனளித்தது? நீலி கதையின் அவையில் அத்தகைய சொல் எதுவாயிருந்திருக்கும்?
2. கத்தனாரின் ஆணியையும், பகவர் காளி யட்சிணியின் கையில் குழந்தையைக் கொடுக்கச் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுக.
3. உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் சுமைதாங்கி உள்ளதா? அஃது யார் நினைவாக நாட்டப்பட்டது என்று முதியோரிடம் கேட்டறிந்து, அவர்க்கு நான்கு வரி ஓலை எழுதுக.
4. உங்கள் குடும்பத்தில் பெயர் மறக்கப்பட்ட முன்னோர் ஒருவரின் பெயரைத் தேடிக் கண்டு, அடுத்த கூட்டத்தில் உரைக்க.

எல்லா உயிர்களும் நலமுறுக.